குளத்துத் தரையும் சம்பங்கி அண்ணா காலும்

நீச்சல் குளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "அப்ப உங்களுக்கு நல்லா நீச்சல் தெரிஞ்சிருக்குமே!" தெரியாது. இன்றைக்கும் தெரியாது. என் வேலை கரையில். தண்ணீரை எடுத்துச் சோதிப்பது, மருந்து கலப்பது, பம்பு அறையைப் பார்த்துக்கொள்வது, பெண்கள் குளிக்கும் நேரத்தில் அங்கே நிற்பது. இதைக் கேட்டதும் அவர்கள் முகம் தொங்கிப்போகும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் மகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த அபார்ட்மென்டில் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பெண்கள் போன மாதம் சந்தாபுராவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் ஒரு சின்ன மிஷின். தண்ணீரில் முக்கினால் எல்லாக் கணக்கும் போனில் வந்துவிடுமாம். நல்லதுதான், என் கண்ணும் கையும் பட்ட பாடு அவர்களுக்கு வேண்டாம். அதில் ஒருத்தி கேட்டாள்: "ஆன்ட்டி, குளோரின் கம்மியானா பாசி வருது, தெரியுது. இந்த கால்சியம் ஹார்ட்னெஸ் ஏறினா யாருக்கு இன்னா ஆகப்போவுது? அத எதுக்கு வாரா வாரம் பாக்கச் சொல்றாங்க?"

அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி. பேச அலுப்பாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு ஆனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் பெங்களூர் ஜோகுபாளையம். கல்யாணமாகி, மகள் பிறந்து, அதற்கப்புறம்தான் வேலைக்கு வந்தேன். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கிளப். பெயர் எதற்கு? பெண்கள் உடை மாற்றும் அறையைக் கூட்டித் துடைக்கத்தான் முதலில் சேர்த்தார்கள். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியபோது குளத்துக்கு ஒரு பெண் ஆள் வேண்டும் என்றார்கள். துடைப்பத்தை வைத்துவிட்டு அங்கே போய் நின்றேன். மருந்து விற்கும் கம்பெனிக்காரர் ஒருவர் சோதனைப் பெட்டியோடு வந்து சில மத்தியானங்கள் சொல்லிக் கொடுத்தார். என் படிப்பு அவ்வளவுதான்.

குளத்துக்கு சூப்பர்வைசர் சம்பங்கி அண்ணா. அவரும் ஜோகுபாளையம்தான், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். காக்கி அரை டவுசர், மேலே வெள்ளை பனியன். சிரிக்கவே மாட்டார், ஆனால் மற்றவர்கள் சிரிக்கும்படி பேசுவார். கிளப் மெம்பர் ஒருவர் குளத்தின் ஓரத்தில் நின்று சிகரெட் பிடித்தபோது, "சார், மீனுக்குப் புகை ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் குளத்தை எட்டி வேறு பார்த்தார்.

அண்ணாவின் வேலை முறையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்னால் அவர் ஆழமில்லாத பக்கத்துப் படியில் இறங்குவார். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொள்வார். சுவரை ஒட்டி, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார். தண்ணீர் நெஞ்சுக்கு வரும் வரை போய், குறுக்கே கடந்து, அடுத்த சுவர் வழியாகத் திரும்புவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. பம்பைக்கூட நிறுத்தச் சொல்வார். மேலே ஏறி உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வார். மொத்தம் நாலு வார்த்தைதான் அவரிடம். "வழுவழு" என்றால் பாசி பிடிக்கப் பார்க்கிறது. "நறநற" என்றால் சிமென்ட் கரைந்து மணலாக வருகிறது. "சொரசொர" என்றால் சுண்ணாம்பு படிகிறது. ஒன்றும் இல்லையென்றால் "சுத்தம்."

என் வேலை கரையில், சொட்டுக் கணக்கு. குப்பியைத் தலைகீழாக முழங்கை ஆழத்துக்கு இறக்கி, அங்கே திருப்பி நிரப்ப வேண்டும். மேல்தண்ணீர் கூடாது, குழாயிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் வாய்க்குப் பக்கத்திலும் கூடாது. கோடு வரை வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிட்டு, முதல் மருந்து, பிறகு நிறம் காட்டும் மருந்து. தண்ணீர் ரோஸாகும். கால்சியம் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மூன்றாவது மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மருந்துக் குப்பியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு பெரிதும் சிறிதுமாக விழும், நேராகப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் சுழற்ற வேண்டும். ரோஸ் மெல்லக் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். அவசரக்காரர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போனால் சட்டென்று சுத்த நீலமாகிவிடும். விட்ட சொட்டுகளைப் பத்தால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். இருநூறுக்குக் கீழே போகாமல் நானூறுக்கு மேலே ஏறாமல் இருந்தால் கவலை இல்லை.

சொட்டை அண்ணா மதிக்கவே மாட்டார். ஆனாலும் தினமும் கேட்பார். "இன்னா சொல்லுது ஒன் ரோஸ் மில்க்கு?" என்பார்.

ஒரு வருஷம் மழை கொட்டித் தள்ளியது. குளம் நிரம்பி வழிந்து, மறுபடி நிரம்பி வழிந்தது. மழைத் தண்ணீரில் கால்சியம் கிடையாது. அப்படிப்பட்ட தண்ணீர் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சும்மா தேடிக்கொண்டிருக்காது, குளத்துச் சிமென்டையே தின்ன ஆரம்பித்துவிடும். எனக்கு அது தெரியும். சோதித்துப் பார்த்தேன். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றது, நீலமாகவே இல்லை. முப்பது சொட்டுக்கு மேல் விட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். முன்னூறுக்கு மேல் காட்டியது. சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

அண்ணா மேலே ஏறி வந்து "நறநற" என்றார்.

"இல்லணா, முன்னூறு கீது. நல்லாத்தான் கீது."

அவர் குனிந்து கால்விரல் இடுக்கிலிருந்து வெள்ளையாக எதையோ வழித்து, என் சோதனைப் பெட்டியின் மூடிமேல் வைத்தார். ஓடுகளுக்கு நடுவில் பூசிய சிமென்ட். ஊறிப்போன சாக்பீஸாகத் தொட்டதும் நொறுங்கியது.

கம்பெனிக்காரரைக் கூப்பிட்டோம். பாசிக்கென்று யாரோ தாமிரம் கலந்த நீல மருந்தை ஊற்றியிருந்தார்கள். தாமிரம் இருந்தால் நிறம் அப்படித்தான் பாதியில் சிக்கிக்கொள்ளுமாம். மூன்றாவது மருந்தில் சில சொட்டுகளை முதலிலேயே விட்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார். அப்படிப் பார்த்தபோது நூறைத் தாண்டவில்லை.

கால்சியம் குளோரைடு மூட்டை வந்தது. வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் மூட்டையிலிருக்கும் வெள்ளைச் செதில். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் வாளி கை வைக்க முடியாதபடி சுடும். குச்சியால் கலக்கி, ஆற விட்டு, பம்பு ஓடும்போது ஆழமான பக்கமாகச் சுற்றி ஊற்றினோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டவில்லை. தண்ணீரில் காரத்தை ஏற்றப் போடும் சோடா மருந்தையும் அன்றைக்குத் தொடவில்லை. இரண்டையும் சேர்த்தால் குளம் பால் குளமாகிவிடும்.

கடைசி வாளியை ஊற்றிவிட்டு அண்ணா சொன்னார்: "ஒன் சொட்டு பொய் சொல்லும் கஸ்தூரி. என் கால் சொல்லாது."

நான் ஒத்துக்கொண்டேன். அவர் சொன்னது உண்மை. கிளப் செக்ரட்டரி காதுக்கும் அது போயிற்று. அதற்கப்புறம் குளத்தைப் பற்றி எது கேட்பதானாலும் அவர் கேட்பது "சம்பங்கி இன்னா சொல்றாரு?" என்பதுதான்.

வருஷங்கள் ஓடின. அண்ணாவுக்கு சர்க்கரை வந்தது. எல்லோருக்கும் தெரியும், அவரே சொல்வார். கேன்டீன் டீயில் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "மாத்திர போட்டுக்கிறேன்ல, அதுக்கும் வேல வேணாமா?" என்பார். ஒருநாள் ஒரு காலில் மட்டும் செருப்போடு பம்பு அறைக்குள் வந்தார். இன்னொரு செருப்பு வாசல் பக்கம் கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் வழக்கம்போல் சிரிக்காமல், "அதுக்கு ரெஸ்ட் குடுத்துகீறேன்" என்றார்.

அப்புறம் அந்தக் கோடை. பெங்களூரில் போர்வெல் எல்லாம் வற்றிப்போய், டேங்கர் லாரி பின்னால் ஜனங்கள் குடத்தோடு ஓடிய கோடை. கிளப்பில் பழைய போர் நின்றுபோய் இன்னும் ஆழமாகப் புதிதாகப் போட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் முகம் கழுவினால் தோல் இழுக்கும். வெயிலில் குளத்துத் தண்ணீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு போகாது. குறைந்ததை ஈடுகட்ட மறுபடி அதே போர் தண்ணீர். போதாக்குறைக்குத் திரவக் குளோரின் கிடைக்காமல் பிளீச்சிங் பவுடர் போட்டோம், அதிலும் கால்சியம்தான். சொட்டுக் கணக்கு நானூறைத் தாண்டியது, ஐந்நூறைத் தாண்டியது. தாமிரம் ஏமாற்றாமலிருக்க விடும் சொட்டையெல்லாம் முன்னால் விட்டு, இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்தேன். எழுநூறுக்கு வந்துவிட்டது. ஓடுகளில் தண்ணீர் நிற்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது.

ஏறின கால்சியத்தை இறக்க மருந்து இல்லை. ஒரு பங்கு தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, கால்சியம் குறைந்த தண்ணீரை நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் வழி. செக்ரட்டரியிடம் போனேன். நல்ல மனிதர், வயசானவர். குரலை உயர்த்த மாட்டார்.

"கஸ்தூரிம்மா, ஊரே தண்ணிக்கு லைன்ல நிக்குது. நான் பாதிக் குளத்த சாக்கடை மோரில வுட்டா நாளைக்குப் பேப்பர்ல வரும். சம்பங்கி இன்னா சொல்றாரு?"

"சுத்தம்னு சொல்றாரு சார்."

"ஹாகாத்ரே விடும்மா. மழை வரட்டும், நோடோணா." அப்படியானால் விடு, பார்க்கலாம் என்று கன்னடம் கலந்து முடித்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அண்ணாவிடமும் கேட்டேன். "ஒன் சொட்டு மறுபடியும் வேலய காட்டுது" என்றார். பெண்கள் நேரத்தில் வரும் ஓர் அம்மா கால்விரல் சிராய்த்துவிட்டது என்று காட்டினார். "படியில இடிச்சிருப்பாங்க" என்றார் அண்ணா. எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் நான் ஒரு கணக்குச் சொல்ல, அவர் ஒரு வார்த்தை சொல்ல, வார்த்தைதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை. அண்ணா நடையை முடித்து, "சுத்தம்" என்று சொல்லிவிட்டு, ஈரக் காலோடு பம்பு அறைக்குப் போனார். நான் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கடப்பைக் கல் தரையில் அவருடைய ஈர அடிகள் பதிந்திருந்தன. வலது குதிகால் விழுந்த இடமெல்லாம் ரோஸாக இருந்தது. முதலில் என் குப்பியிலிருந்துதான் சிந்துகிறது என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். குப்பி காய்ந்திருந்தது. அப்புறம்தான் புரிந்தது.

"அண்ணா, ஒக்காருங்க. காலத் தூக்குங்க."

"இன்னாத்துக்கு?"

"தூக்குங்கணா."

ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலை இடது முழங்கால்மேல் போட்டுக்கொண்டார். குதிகாலில் தோல் இல்லை. தேங்காய்த் துருவியில் தேய்த்தது போல் இருந்தது. நடுவில் ஒரு குழி, அது இன்றைக்கு ஆனதில்லை. பெருவிரல் அடியில் இன்னொரு காயம், ஓரமெல்லாம் வெளுத்துப்போய். அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்ப ஆச்சு இது?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அவருடைய கால் அது.

நான் வெளியே வந்தேன். குளத்தில் யாரும் இல்லை. துப்பட்டாவைக் கழற்றிக் கம்பியில் போட்டுவிட்டு, சுடிதாரோடு படியில் இறங்கினேன். அத்தனை வருஷத்தில் நான் அந்தத் தண்ணீருக்குள் இறங்கியது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மறுபடி வைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, அவர் போகும் வழியிலேயே தண்ணீர் நெஞ்சுக்கு வரும் வரை போய், நடுவிலும் கால் வைத்துப் பார்த்தேன். கொத்திவிட்டு இன்னும் அரைக்காத அம்மி எப்படி இருக்கும், அப்படி இருந்தது தரை. இதன்மேல்தான் அவர் காலைத் தேய்த்துத் தேய்த்து தினமும் நடந்திருக்கிறார். நடந்து ஏறி "சுத்தம்" என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. கால் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நெஞ்சு அளவு தண்ணீரில் நின்றுகொண்டு அழுதேன்.

நனைந்த துணியோடு திரும்பி வந்தபோது அவர் காலில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார். என் கோலத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"செக்ரட்டரிகிட்ட இன்னா சொல்லப்போற?"

"தரை சொரசொரன்னு கீதுன்னு சொல்லப்போறேன். நானே எறங்கிப் பாத்தேன்னு."

"என் கால பத்தி?"

வருஷா வருஷம் கிளப்பில் டாக்டர் சர்டிஃபிகேட் கேட்பார்கள். காலில் உணர்ச்சி இல்லை என்று எழுதினால் குளத்து வேலை போய்விடும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அத கிளப்புல சொல்ல மாட்டேன். அண்ணிகிட்ட சொல்வேன்."

"யாரு ஒன்ன கேட்டா? எங் காலு. நான் பாத்துக்குவேன். மருந்து தடவுனா ஆறிடும். ஒன் சொட்டு வேலய மட்டும் பாரு."

"காலே போயிடும்ணா."

"போனா என்து போவுது!"

அவர் என்னிடம் கத்தியது அன்றைக்குத்தான். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நேராகப் போய் செக்ரட்டரியிடம் தரையைப் பற்றிச் சொன்னேன். நனைந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு அவர் மறுபேச்சு பேசவில்லை, குளத்தை மூடச் சொல்லிவிட்டார். அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஜோகுபாளையம் போய் ராணி அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்டார். அண்ணா எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆனால் வழியெல்லாம் என்னைப் பார்க்கவில்லை.

அங்கே ஒரு லேடி டாக்டர். பேனா போன்ற ஒன்றின் நுனியில் நைலான் நரம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நரம்பு பட்டதும் "ஆ" என்று சொல்ல வேண்டும். பெருவிரல் நுனியில் வைத்து, நரம்பு வளையும் வரை அழுத்தினார். அண்ணா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அடுத்த விரலில் வைத்தார். நடுப்பாதத்தில் வைத்தார். குதிகால் ஓரத்தில் வைத்தார். நீலமாகும் நீலமாகும் என்று குப்பியைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம், அதே மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காலுக்குப் போனார். அதிலும் ஒன்றும் இல்லை. கணுக்காலுக்கு மேலே வந்தபோதுதான் அண்ணா "ஆ" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து, "ஆரம்பிக்கலாம் மேடம்" என்றார். முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீழ் எலும்பு வரை போயிருந்தது. பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போயிருக்கும் என்று டாக்டர் அண்ணியிடம் சொன்னார். குதிகால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

குளம் மழை வரை மூடியே கிடந்தது. குளோரின் போகும் வரை தண்ணீரை அப்படியே நிற்க விட்டோம். பிறகு கக்கூஸுக்கும் கட்டிட வேலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தீர்த்தோம். கூலிக்கு ஆட்கள் வந்து ஆசிட் போட்டுத் தரையைத் தேய்த்தார்கள். கூரையில் பிடித்த மழைத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலந்து நிரப்பினோம். நீலமாகும் வரை சொட்டு விட்டு, குறைந்ததற்குக் கால்சியம் போட்டு, முன்னூறில் கொண்டுவந்து நிறுத்தினேன். அண்ணாவுக்கு சர்டிஃபிகேட் கிடைக்கவில்லை. செக்ரட்டரி அவரை கேட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார், வேலை போகாமல் பார்த்துக்கொண்டார்.

தினமும் நான் அந்த கேட் வழியாகத்தான் உள்ளே போவேன். அண்ணா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "குட்மார்னிங்ணா" என்பேன். பதில் வராது. நல்லதைத்தான் செய்தேன் என்று எனக்குத் தெரியும். அதற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். எதிர்பார்த்தேன். வராமல் போனதில் உள்ளே எதுவோ சலித்துப்போயிற்று. சில நாட்கள் பின் கேட் வழியாகப் போயிருக்கிறேன்.

எத்தனை மாதம் கழித்து என்று தெரியாது, ஒரு காலையில் நான் கேட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நேத்து எத்தன?"

திரும்பினேன். அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னூத்தி இருவதுணா."

அவருடைய ஷூவுக்குள் இருந்த கால் தரையில் ஒரு தடவை முன்னும் பின்னும் தேய்ந்தது. "அப்ப சுத்தம்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் கேட்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகு போனில் கேட்டார். வேறு பேச்சு இருக்காது. எத்தனை என்பார், சொல்வேன், அவருடைய நாலு வார்த்தையில் ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அண்ணி எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்குள் போன் வைத்தாயிற்று.

பிறகு நானும் ஓய்வு பெற்றேன். மகளோடு சந்தாபுராவுக்கு வந்துவிட்டேன். வந்த வாரமே போன்.

"எத்தன?"

"அண்ணா, நான் வேலய வுட்டுட்டேன். சந்தாபுரால கீறேன்."

"தெரியும். எத்தன?"

"இங்க ஏதுணா குளம்? பெட்டி கிளப்புலயே கீது."

வழக்கம்போல் வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அங்க போர் தண்ணிதான? பக்கெட்டுக்குள்ள கைய வுட்டுத் தடவிப் பாரு."

எனக்குச் சலிப்புதான். ஆனாலும் எழுந்து குளியலறைக்குப் போனேன். பக்கெட் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஈரக் கையால் சுற்றித் தடவினேன், விரலில் உரசியது.

"சொரசொரணா."

"நெறயவா?"

"கீது. ஆனா அன்னிக்குக் குளத்துத் தரை கீந்துச்சே, அந்த அளவுக்கு இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஆஸ்பத்திரியிலும் சரி, கேட்டிலும் சரி, போனிலும் சரி, அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கெட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினேன்.

"அன்னிக்கு எப்டி கீந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் நடந்த தரை. எத்தனையோ நாள் நடந்த தரை. அது எப்படி இருந்தது என்று அவர் என்னைக் கேட்கிறார். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னேன். கடைசிப் படியில் கால் வைத்ததையும் இழுத்துக்கொண்டதையும் சொன்னேன். சுவர் ஓரத்தில் கொஞ்சம் குறைவு, நடுவில் அதிகம், தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கு எதிரில் கால் வைக்கவே முடியவில்லை என்றேன். என் காலுக்குத் தெரிந்த அத்தனையும் ஒன்று விடாமல் சொன்னேன். போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

நான் முடித்த பிறகு, "அவ்ளோவா?" என்றார்.

"ஆமாணா. அவ்ளோ."